மணி காட்டாத ஊர்

டிசம்பர் 28

முத்து ஆற்றின் கழிமுகத்தில் அமைந்துள்ள மக்காவ், 1557 முதல் போர்த்துக்கீசியரின் குடியிருப்பாக இருந்து, 1999 டிசம்பர் 20 அன்று சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டு, இன்று அந்நாட்டின் சிறப்பு நிர்வாகப் பகுதியாக, அதாவது தனி நாணயமும் தனிச் சட்டங்களும் உடைய ஆட்சிப்பரப்பாக, விளங்குகிறது. சீன மண்ணில் சூதாட்ட விடுதிகள் சட்டப்படி இயங்கும் ஒரே இடம் இதுவே. 1962 முதல் ஸ்டான்லி ஹோவின் நிறுவனம் அனுபவித்துவந்த ஏகபோக உரிமை 2002இல் முடிவுக்கு வந்ததும் அமெரிக்க முதலீடு உள்ளே நுழைந்தது. 2006இல் மக்காவின் சூதாட்ட வருவாய் லாஸ் வேகாஸின் புகழ்பெற்ற ஸ்ட்ரிப் வீதியினுடையதை விஞ்சியது.

ஹாங்காங்கில் வாழும் கணவனும் மனைவியும் ஒன்பது வயது மகளும், விழுப்புரத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் கணவரின் தந்தையும் அடங்கிய குடும்பம் நேற்று இவ்வூரைச் சுற்றிப்பார்த்துத் திரும்பியது. கிறிஸ்துமஸ் விடுமுறை நெரிசலில் அங்கே போவது அறிவுடைமையா என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. இக்குறிப்பேட்டை எழுதும் மருமகளுக்கு அது இப்போது எழுகிறது.

2018இல் திறக்கப்பட்ட 55 கிலோமீட்டர் நீளக் கடற்பாலத்தின் வழியே பேருந்துப் பயணம் அமைந்தது. ஹாங்காங்கிலும் மக்காவிலும் வண்டிகள் இடப்புறம் ஓடுகின்றன. இடைப்பட்ட பாலத்தில் மட்டும் சீன வழக்கப்படி வலப்புறம் ஓடுகின்றன. ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரியான மாமனார் ஒருவரே இதைக் கவனித்து, "லைன் மாறிட்டான் பாரும்மா" என்றார். கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து மாற்ற மறுக்கும் அவர், மணியைக் கேட்டுவிட்டு இரண்டரை மணி நேரத்தைக் கழித்துச் சரிபார்ப்பதை நாள்தோறும் செய்துவருகிறார். "மணி என்னம்மா?" "ஒன்பதரை, மாமா." "அப்ப நம்மூர்ல ஏழு. சரி."

கருப்பும் வெள்ளையுமான சிறு கற்களை அலையலையாகப் பதித்த செனாடோ சதுக்கத்திலிருந்து, 1835ஆம் ஆண்டுத் தீக்குப்பின் முகப்புச் சுவர் மட்டும் எஞ்சிய புனித பவுல் தேவாலயம் வரையுள்ள சிறு தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. வழிநெடுகக் கடைக்காரர்கள் இனிப்பிட்டு வாட்டிய இறைச்சித் தகடுகளைக் கத்தரிக்கோலால் நறுக்கிப் போவோர் வருவோர் கையில் திணித்துக்கொண்டிருக்க, மரக்கறி உண்ணும் மாமனார் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தார். வாதுமை பிஸ்கட் எனப்படும் ஊர்ப் பண்டம் பெரும்பாலும் பாசிப்பயற்று மாவால் ஆனது என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. சில கடைகளில் அதில் பன்றிக்கொழுப்பும் சேர்வதுண்டு என்று தெரிந்ததும் பொட்டலம் திரும்பக் கடைக்குப் போயிற்று.

டிசம்பர் 29

மகளின் குதிகாலில் கொப்புளம். மாமனார் பிற்பகல்வரை உறங்கினார்.

ஜனவரி 2

மக்காவ் பயணத்தில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.

தைப்பா, கொலோவான் என்னும் இரு தீவுகளுக்கு இடைப்பட்ட கடலைத் தூர்த்து உருவாக்கிய கோத்தாய் நிலப்பகுதியில் 2007இல் திறக்கப்பட்ட வெனீஷியன் விடுதியினுள் கால்வாய்களும் படகுகளும், அவற்றின்மேல் கூரையில் தீட்டிய நீலவானமும் உண்டு. அந்த வானத்தின்கீழ் பொழுது சாய்வதில்லை. சூதாட்டக்கூடங்களின் அமைப்பைப் பற்றி எழுதியவர்களுள் அமெரிக்கரான பில் ஃப்ரீட்மன், தாழ்ந்த கூரையும் வளைந்து வளைந்து செல்லும் வழிகளும் ஆட்டப் பொறிகளின் நெருக்கமுமே வந்தவரைத் தங்கவைக்கும் என்றார். ரோஜர் தாமஸ் என்னும் வடிவமைப்பாளர் அதற்கு மாறாக உயர்ந்த கூரையையும் பகல் வெளிச்சத்தையும் கொண்டுவந்தார். இரு வழியிலும் நோக்கம் ஒன்றே. 21 வயது நிரம்பாதோர் ஆட்டத்தளத்தில் நுழையக்கூடாதென்று 2012 முதல் சட்டம் இருப்பதால், குழந்தையோடு வருவோர் தளத்தைச் சுற்றிச் சுற்றியே நடக்க வேண்டியிருக்கிறது. சுற்றுவழி எங்கும் கடைகள்.

இணைப்புப் பாலம் ஒன்றைக் கடந்து பக்கத்து விடுதிக்குச் சென்றபோது மாமனாரைக் காணவில்லை. அவரிடம் கைப்பேசி உண்டு; அது அணைந்திருந்தது. கணவர் ஒரு திசையிலும், மகளை இழுத்துக்கொண்டு மருமகள் மற்றொரு திசையிலும் தேடியதில், ஒரே நகைக்கடை வாசலுக்கு இருவரும் வெவ்வேறு வழியில் வந்துசேர்ந்து, ஒருவர் மீதொருவர் எரிந்து விழுந்தனர். மணி என்ன என்று மகள் கேட்டாள். கண்ணுக்கெட்டிய தொலைவில் ஒரு சுவர்க்கடிகாரமும் இல்லை.

மாமனார் கிடைத்தது விடுதிகளின் இலவசப் பேருந்துகள் வந்து நிற்கும் கொட்டகையில். வெளிவாசலை யாரிடமும் கேட்காமல் அவர் எவ்வாறு கண்டுபிடித்தார் என்பது விளங்கவில்லை. கால்மேல் கால் போட்டு அமர்ந்து, ஒவ்வொரு வண்டியும் புறப்படுவதைத் தம் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தவர், மருமகளைக் கண்டதும், "விருத்தாசலம் வண்டி இன்னும் வரலம்மா" என்றார். உதட்டில் சிரிப்பு இருந்ததுபோலவும் இருந்தது.

ஜனவரி 3

அது வேடிக்கைப் பேச்சு என்று கணவர் சொல்கிறார். இரண்டாவது முறையும், கேளாமலேயே சொன்னார்.

ஜனவரி 9

மக்காவின் லிஸ்போவா சூதாட்ட விடுதியை ஒட்டிய தெருக்களில் அடகுக்கடைகள் மலிந்திருப்பது ஆட்டக்காரர்களின் அவசரத்தால். நாணயத்தைக் கவ்விய வௌவாலின் வடிவம் இக்கடைகளின் மரபுச் சின்னமாகும். மீட்கப்படாமல் மூழ்கிப்போன கைக்கடிகாரங்கள் அக்கடைகளின் கண்ணாடிக்குள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. பயணத்தன்று மதியம் அக்கடைகளில் ஒன்றின்முன் மாமனார் நெடுநேரம் நின்றதும், "ரெண்டு சேர்ந்தாப்பல ஒரே மணி காட்டல பாரு" என்று பேத்தியிடம் சொல்லிச் சிரித்ததும், பசியில் இருந்த மருமகள் அவரை விரைவுபடுத்தியதும் இப்போது நினைவுக்கு வருகின்றன. கண்டபடி நடந்து களைத்த 78 வயதுக்காரர் ஒரு சொல் தடுமாறுவது நோயாகுமா? அதே நாளில் கணவர் கடவுச்சீட்டுகளைப் பேருந்து இருக்கையில் விட்டு இறங்கிவிட்டு, ஓடிப்போய் எடுத்துவந்தார். அவரை எந்த மருத்துவரிடமும் யாரும் அழைத்துச் செல்லவில்லை.

ஜனவரி 11

மாமனார் வைத்த வத்தக்குழம்பு அருமை. உப்பு, புளி, காரம் மூன்றும் அளவாக இருந்தன. இன்று முழுவதும் வீட்டில் கவலை இல்லை.

ஜனவரி 17

நினைவாற்றல் குறைவைக் கண்டறிய மருத்துவர்கள் கையாளும் எளிய சோதனைகளுள் ஒன்று கடிகாரம் வரைதல்: வெற்றுத்தாளில் வட்டமிட்டு, எண்களை நிரப்பி, பதினொன்று பத்தைக் காட்டும்படி முட்களை வரையுமாறு கேட்பர். திட்டமிடுதல், இடவுணர்வு, சொன்னதை நினைவில் நிறுத்துதல் ஆகியவை அந்த ஒரு வட்டத்தில் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன என்பதால், மொழிபெயர்ப்பாளர் துணையோடு சோதிக்கப்படும் அயலூர் முதியவருக்கும் அது ஓரளவு பொருந்துகிறது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது மாமனார் வட்டத்தை அழகாக வரைந்தார். எண்களும் இடம் பிசகவில்லை. பிறகு பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊரு பதினொன்னு பத்து?" என்று கேட்டார். மருமகள் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது மருத்துவர் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார்; அவர் எழுதியது கேள்வியையா, கேள்வி கேட்கப்பட்டதையா என்று தெரியவில்லை.

அடுத்த கட்டமாக இரத்தப் பரிசோதனையும் மூளைப் படமும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமனார் ஊர் திரும்புவதற்கான விமானச்சீட்டு பிப்ரவரி முதல் வாரத்துக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தள்ளிப்போட வேண்டும் என்கிறார் மருமகள், வேண்டாம் என்கிறார் கணவர். தைப்பூசத்துக்கு விழுப்புரத்தில் இருந்தாக வேண்டும் என்கிறார் மாமனார்.