வெள்ளைப்பட்டையும் நான்கு இலக்கங்களும்

பழைய கார்களின் டயரில் ஒரு வெள்ளை வளையம் இருக்கும். 'வொயிட்வால்' என்பார்கள், நான் வெள்ளைப்பட்டை என்றே எழுதுகிறேன். அதைப் பளிச்சென்று வைத்திருப்பது எப்படி என்று என்னிடம் கேட்போர் அண்மைக்காலமாகப் பெருகிவிட்டனர். காரணம் இரண்டு. ரப்பர் எவ்வாறு முதுமையடைகிறது என்பதை ஆராய்வது என் துறை. மற்றொன்று, அல்சூரில் என் பெரியப்பா போற்றி வளர்க்கும் 1958-ஆம் ஆண்டின் ஃபியட் 1100. வளர்க்கும் என்ற சொல்லை அறிந்தேதான் எழுதுகிறேன். தனித்தனியே சொல்லிவந்ததை ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விக்கு விடை எளிது. ஆனால் அந்த விடையோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து என்பதால் பதிவு சற்று நீண்டுவிட்டது.

முதலில் வெள்ளை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எல்லா டயர்களும் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. ரப்பர்ப் பால் இயல்பிலேயே வெண்மையானது. அதனுடன் சேர்த்த துத்தநாக ஆக்சைடும் வெண்மை. 1898-இல் பிறந்த மிஷலின் நிறுவனத்தின் டயர் மனிதன் இன்றும் வெள்ளையாக நிற்பது அதனால்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கார்பன் பிளாக் எனும் நுண்கரியை ரப்பருடன் கலந்தால் அதன் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது என்பது கண்டறியப்பட்டது. கரி வெயிலின் புற ஊதாக் கதிரையும் தானே வாங்கிக்கொள்கிறது. முதலில் தரையைத் தொடும் பகுதிக்கு மட்டும் கரி கலந்தார்கள். பக்கச்சுவர் வெள்ளையாகவே நின்றது. அந்நாளில் முழுக்கறுப்பு டயர்தான் உயர்வாகக் கருதப்பட்டது; அழுக்குத் தெரியாதல்லவா? பின்னர் எல்லா டயரும் கறுப்பானபோது, மதிப்பு வெள்ளையின் பக்கம் சாய்ந்தது. 1950-களின் அமெரிக்கக் கார்களில் அகன்ற வெள்ளைப்பட்டை செல்வத்தின் அடையாளம். 1962 வாக்கில் அது ஓர் அங்குல அளவுக்கு ஒடுங்கிவிட்டது.

இந்த மதிப்பு மாற்றத்தில் எனக்கு ஒன்று உறுத்தும். வெள்ளைப்பட்டை தானாக வெள்ளையாக இருப்பதில்லை. ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் யாரோ ஒருவர் குந்தி அமர்ந்து நான்கு சக்கரங்களையும் தேய்த்தாக வேண்டும். மாளிகைகளின் முகப்பில் நின்ற வண்டிகளில் அந்த யாரோ ஒருவர் வண்டியின் உரிமையாளராக இருந்திருக்க வாய்ப்பில்லை. காரைச் சுற்றி எடுக்கப்பட்ட பழைய குடும்பப் படங்களில் சக்கரம் மின்னும். தேய்த்தவர் படத்தில் இருக்கமாட்டார். பெரியப்பா தம் டயரைப் பிறர் தொட விடுவதில்லை. அது பிடிவாதம் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அது ஒருவகை நேர்மையாகப் படுகிறது.

இனி, கறைக்கு வருவோம். வெள்ளையில் படியும் அழுக்கு இருவகை: வெளியிலிருந்து வருவது, உள்ளிருந்து வருவது. பெங்களூரில் வெளி அழுக்கிற்குக் குறைவில்லை. இவ்வூர்ச் செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. மழைநாளில் அது குழம்பாகித் தெறித்து ரப்பரின் நுண்துளைகளில் அமர்கிறது. நடைபாதை ஓரக்கல்லில் உரசிய கருங்கோடு, எண்ணெய்ப் பிசுக்கு, தெருநாய்கள் நாள்தோறும் செலுத்தும் மரியாதை ஆகியவையும் உண்டு. இவை எல்லாம் சோப்புக்குக் கட்டுப்படும்.

உள்ளிருந்து வரும் பழுப்புக் கறை வேறு. ரப்பர் மூலக்கூற்றின் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் அறுக்கிறது. அதனால்தான் பழைய டயரில் வெடிப்புகள் தோன்றுகின்றன. இதைத் தடுக்கக் கறுப்பு ரப்பரில் 6-பிபிடி போன்ற காப்பு வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை மெல்ல மேற்பரப்பை நோக்கி நகர்ந்து, ஓசோனைத் தாம் எதிர்கொண்டு, ரப்பரைக் காக்கின்றன. அப்படி நகரும்போது அண்டையிலுள்ள வெள்ளை ரப்பருக்குள்ளும் புகுந்து அதைப் பழுப்பாக்குகின்றன. நாம் கறை என்று வெறுப்பது டயரின் காவலாள் விட்டுச்சென்ற காலடித் தடம். தேய்த்தால் மேல்தோல் போகும். சில வாரங்களில் அது மீண்டும் வரும். அதனால் கம்பிநார், உப்புத்தாள் என்று நாளும் சுரண்டுபவர்கள் கறையை அல்ல, வெள்ளையையே தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வெள்ளை ரப்பர் ஒரு மெல்லிய அடுக்கு மட்டுமே. அடியில் கறுப்பு காத்திருக்கிறது.

செய்முறை இதுதான். வண்டி நிழலில் நிற்க வேண்டும். டயர் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் கறுப்புப் பகுதியைக் கழுவுங்கள். இல்லையேல் அதன் கரிய நீர் கழுவி முடித்த வெள்ளையின்மேல் வழியும். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலும் நைலான் தூரிகையும் போதும். வளையத்தின் போக்கிலேயே தேய்த்து, நுரை உலர்வதற்குள் அலசி, துணியால் ஒற்றிவிடுங்கள். எளிதில் போகாத கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துச் சற்று நேரம் பூசிவைக்கலாம். ஓரக்கல் உரசிய கோட்டுக்கு மட்டும், அதுவும் அருமையாக, நுண்ணிய உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் மூன்றும் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ப்ளீச்சிங் கரைசல் அன்றைக்கு வெளுக்கும். நாளடைவில் ரப்பரை உலர்த்தி வெடிக்கவைக்கும். கறுப்பை மினுக்கும் எண்ணெய்ப் பூச்சு சக்கரம் சுழலும்போது வெள்ளையில் பரவி மஞ்சளாகும். புதிய வெள்ளைப்பட்டை டயர் நீலப்பூச்சுடன் வரும். அது பாதுகாப்புக்காகப் பூசப்பட்டது. வெயிலில் காய்ந்து இறுகுமுன் வெதுவெதுப்பான சோப்புநீரில் அதைக் கழுவிவிட வேண்டும்.

எவ்வளவு நீர்? 2024 மார்ச்சில் இந்நகரின் குடிநீர் வாரியம், வண்டி கழுவக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி அது. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் குடிநீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. பெரியப்பா ஈரத்துணியும் அரை வாளி அரிசி கழுவிய நீருமாகச் சமாளித்தார். வெள்ளை சற்று மங்கியது; டயருக்கு ஒன்றும் நேரவில்லை. குறைவாகக் கழுவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 6-பிபிடி ஓசோனுடன் சேர்ந்து உருவாக்கும் பொருள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் 'சயின்ஸ்' ஆய்விதழ் வெளியிட்டது. டயர்த் துகள் கலந்த மழைநீரே அங்கு அதைச் சுமந்துசென்றது. நம் தெருநீரும் ராஜகாலுவே எனும் கால்வாய்கள் வழியே ஏரிகளுக்குத்தான் போகிறது.

இதுவரை சொன்னது கேட்டவர்களுக்கான விடை. இனிச் சொல்வது அவர்கள் கேட்காதது.

சென்ற ஆண்டு பெரியப்பா நந்தி மலைக்கு வண்டியை எடுத்துச்செல்ல விரும்பினார். டயர்கள் பால்போல் இருந்தன. பக்கச்சுவரில் 'டாட்' குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தேன்: 3208. அதாவது 2008-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்யப்பட்டவை. மேற்பரப்பு ஏறக்குறைய தேயவே இல்லை. ஆனால் வெள்ளையும் கறுப்பும் சேரும் விளிம்பில் விரல் நகம் பதியுமளவு வெடிப்புகள் ஓடின.

"பாலு மாதிரி இருக்கு. இதைப் போயி தூக்கிப் போடச் சொல்றியாம்மா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த டயர்கள் அவர் பணி ஓய்வுப் பணத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவை. 2020 ஜூனில் புதிய டயர்கள் பலவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இனி அதே போன்றவை எளிதில் வாரா. ஆனாலும் அறிவியலின் பதில் கடுமையானது. ஓசோனைத் தடுக்கும் மெழுகு டயர் ஓடி வளையும்போதுதான் மேற்பரப்புக்கு நன்கு வரும். ஓடாமல் நிற்கும் வண்டியின் டயர் தேயாமலே இறக்கிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளை 'வி.ஏ.' எண்ணுடன் பதிவுசெய்ய 2021-இல் வந்த விதி, அவற்றை அன்றாட ஓட்டத்திற்கு அனுமதிப்பதில்லை. காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்கே அனுமதிக்கிறது. ஆகவே இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் நிற்கவே போகின்றன. தேய்ந்த டயரைக் கண் காட்டிக்கொடுக்கும். தேயாமல் இறந்த டயரைக் காட்டிக்கொடுக்காது. வெள்ளை ரப்பரை ஓசோன் எளிதில் தாக்காதபடியே தனிக் கலவையில் செய்கிறார்கள். எனவே அருகிலுள்ள கறுப்பு வெடித்த பின்னும் வெள்ளை இளமையாகவே தெரியும். பத்து ஆண்டு கடந்த டயரை, தோற்றம் எப்படியிருப்பினும், மாற்றிவிடும்படி டயர் நிறுவனங்கள் பலவும் அறிவுறுத்துகின்றன. நந்தி மலையின் வளைவுகளில் இறங்கும்போது டயர் வெடித்தால் அதன் நிறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

மூன்று வாரம் அவர் என்னுடன் சரியாகப் பேசவில்லை. பிறகு ஜெ.சி. சாலையில் அளவுக்குப் பொருந்தும் சாதாரணக் கறுப்பு டயர்களை அவரே வாங்கிவந்தார். ரிம்மில் செருகும் வெள்ளை வளையத்தையும் கடைக்காரர் காட்டினாராம். அது பக்கச்சுவரோடு உரசி, இடுக்கில் மண்ணும் நீரும் தங்கி, மறைவிலேயே ரப்பரை அரிக்கும் என்று சொன்னேன். "வேஷம் வேண்டாம், விடு" என்றார். வண்டி இப்போது அழகு குறைந்துதான் நிற்கிறது. அதை மறுத்துப் பயனில்லை. பழைய டயர்கள் நான்கும் வெயில் படாத அறையில், பிளாஸ்டிக் உறையின்றி, பருத்தித் துணி போர்த்தி இருக்கின்றன. மாதம் ஒருமுறை அவற்றையும் துடைக்கிறார். நான் தடுப்பதில்லை.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவரிடமோ இத்தகைய வண்டி இருந்தால், அடுத்த முறை சக்கரம் கழுவும்போது தூரிகையை ஒரு கண்ணாடியாகவும் பயன்படுத்துங்கள். வெள்ளையைத் தேய்க்கும் அந்தப் பத்து நிமிடம்தான் டயரை முழுச்சுற்று அருகிருந்து பார்க்கும் ஒரே நேரம். விளிம்பில் விரலை ஓட்டுங்கள். காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். ஓடாத வண்டியை வாரம் ஒருமுறை சில அடியாவது நகர்த்துங்கள். அந்த நான்கு இலக்கங்களைப் படித்து, ஒரு தாளில் எழுதி வண்டிப் பத்திரங்களோடு வையுங்கள். பட்டை வெளுப்பாக இருக்கிறதா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.