எண்ணூரிலிருந்து விளையாட்டரங்கு வரை

மாலை நான்கு மணிக்கு எண்ணூர் ரயில் நிலையத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா, அன்பு வாசகர்களே? ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். மறுபக்கம் 2017இல் மூடப்பட்ட பழைய அனல் மின் நிலையத்தின் நிலம். வேலை முடிந்து வருவோரும் இரவு வேலைக்குச் செல்வோரும் ஒரே நடைமேடையில் ஒருவரையொருவர் கடந்து செல்கின்றனர். அவர்களுக்கிடையே, காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நிறம் மங்கிய பனியனுடன், வலைப்பையில் ஒரு பந்தைத் தோளில் மாட்டிய சிறுவர் கூட்டம் ஒன்று அநேகமாக எந்நாளும் காணப்படும். வடசென்னையின் அடையாளங்களுள் அந்தப் பந்தும் ஒன்றென்பதை வெளியூரார் பலர் அறியார்.

சென்னைத் துறைமுகம், பெரம்பூர் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி எனத் தொழில் நிறுவனங்கள் தத்தமக்கென அணிகளை வைத்திருந்த காலத்தில், நன்றாகப் பந்து ஆடிய இளைஞனுக்கு அதுவே வேலைக்கான வழியாகவும் அமைந்தது. அந்த வழி இன்று குறுகிவிட்டது. ஆயினும் வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் ஆட்டம் குறையவில்லை. இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் 2017-18ஆம் பருவத்தில் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் அந்த வியாசர்பாடியின் பிள்ளையே.

இத்துணைப் பற்றுள்ள மக்கள், தங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் பெரிய ஆட்டத்தை நேரில் காண்கிறார்களா? இக்கேள்வியை என் மனத்தில் எழுப்பியவள் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய தந்தை கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் ஒப்பந்தக் கூலி. தாய் காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவர். இரு தம்பிமார். பள்ளி அணியில் இடப்புறக் காப்பாளராக ஆடுபவள் அச்சிறுமி. தம்பிமாரோ பந்தைக் காட்டிலும் கைபேசியை மிகுதியும் விரும்புவோர்.

சில ஆண்டுகளுக்கு முன், நேரு விளையாட்டரங்கில் ஆட்டம் ஒன்று நடைபெறவிருந்த வாரத்தில் அவர்கள் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். தந்தை இரு மகன்களையும் அழைத்துச் செல்வதாகப் பேச்சு. சிறுமி வாசற்படியில் அமர்ந்து காலணியின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். எவரிடமும் எதுவும் கேட்கவில்லை.

"மகளையும் அழைத்துச் செல்லலாமே, தம்பி! ஆடுகிறவள் அவள்தானே?" என்றேன்.

"ஒரு சீட்டு விஷயமா ஃபாதர்? கணக்குப் போட்டுப் பாருங்க, தெரியும்" என்றார் அவர். சொல்லிவிட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்து என்னிடம் நீட்டினார். கோபமாக அன்று, களைப்பாக.

அந்தக் கணக்கை வாசகர்களும் போட்டுப் பார்ப்பது நலம். மிக மலிவான இருக்கை ஒன்றுக்கு 200 ரூபாய் எனக் கொள்வோம். ஐவருக்கு 1000. போகும்போது புறநகர் ரயில். அதன் குறைந்தபட்சக் கட்டணமாகிய 5 ரூபாயில் ஐவருக்கு 25. அரங்கினுள் வீட்டு உணவையும் தண்ணீரையும் அனுமதிப்பதில்லை. எனவே உள்ளே வாங்கும் தண்ணீருக்கும் தின்பண்டத்திற்கும் குறைத்து மதிப்பிட்டாலும் 300. ஆட்டம் இரவு ஏழரைக்குத் தொடங்குவதே வழக்கம், முடிய ஒன்பதரை. கூட்டம் கலைந்து வெளியே வரப் பத்து மணி. பெண்பிள்ளையையும் உறங்கி விழும் சிறுவனையும் வைத்துக்கொண்டு எண்ணூர் திரும்ப ஆட்டோவுக்கு 500. ஆக மொத்தம் 1825 ரூபாய். இதனோடு, அன்றைய இரவு வேலையை விடுவதால் இழக்கும் கூலி 800 ரூபாயையும் சேர்த்தால் 2625. வாயிலில் கொடுக்கும் பணம் இதில் பாதிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது தந்தையும் இரு மகன்களும் மட்டும் செல்வதாகக் கொள்வோம். நுழைவுச்சீட்டு 600. ரயிலில் போய், ரயிலிலேயே திரும்ப 30. உள்ளே செலவு 150. மொத்தம் 780. கூலி இழப்பு இரண்டு கணக்கிலும் ஒன்றே. அப்படியானால் தாயும் மகளும் உடன் செல்வதன் விலை 1045 ரூபாய். அவ்விருவரின் நுழைவுச்சீட்டு அதில் 400 மட்டுமே. 485 ரூபாயோ, ரயிலுக்குப் பதிலாக ஆட்டோவில் திரும்புவதால் கூடும் தொகை. மகளை வீட்டில் இருத்தியது விளையாட்டரங்கின் வாயிற்காப்போன் அல்லன். இரவு பத்து மணிக்குப் பின் வீடு திரும்பும் வழியே! நானும் அதுவரை, தந்தைக்கு மகன்மீதே பற்று அதிகம் என்று எளிதாகத் தீர்ப்பளித்திருந்தேன். அந்த நோட்டுத் தாள் என்னை நாணச் செய்தது.

பணம் மட்டுமன்று, காலமும் இம்மக்களுக்கு எதிராகவே நிற்கிறது. இந்தியன் சூப்பர் லீக் பருவம் வழக்கமாக செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்கி மார்ச், ஏப்ரல்வரை நடந்துவந்தது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாட்களில் மீனவனுக்கு மாலைப்பொழுது கிடைக்கும். கையில் காசு கிடையாது, காண ஆட்டமும் கிடையாது. மற்ற நாட்களிலோ விடியுமுன் கடலுக்குப் போகிறவன் இரவு பதினொரு மணிவரை விழித்திருக்க இயலுமா? மேலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் கறுத்த நாட்களை எண்ணிப் பாருங்கள். அத்தகைய ஆண்டில் பந்தாட்டத்தை எந்தக் குடும்பத் தலைவர் நினைப்பார்?

"இது வேண்டாத செலவுதானே, சுவாமி? தொலைக்காட்சியில் பார்த்தால் போதாதா?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இது. 1993இல், நேரு கோப்பைப் போட்டி நம் நகரில் நடந்தபோது, குருமாணவனாக இருந்த நான் நண்பர் ஒருவர் தந்த சீட்டில் ஓர் ஆட்டத்திற்குச் சென்றேன். வடகொரிய அணி கோப்பையை வென்ற ஆண்டு அது. யார் யார் கோல் அடித்தனர் என்பது இன்று நினைவில்லை. ஆனால் பந்து மறுகோடியில் இருக்கும்போதும் ஒரு காப்பாளர் ஓயாமல் இடம் மாறிக்கொண்டும் கையசைத்துத் தோழர்களை நிறுத்திக்கொண்டும் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. தொலைக்காட்சி பந்தைக் காட்டும். பந்து இல்லாத இடத்தில் ஆடப்படும் ஆட்டத்தைக் காட்டாது. ஆடக் கற்பவர்களுக்கு வேண்டுவது பெரும்பாலும் இரண்டாவதே.

அவ்வாறு கற்பவள் பெண் என்பதால் ஒருவர் தயங்குவாராயின், அவருக்கும் ஒரு செய்தி. தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் 2018இல் மணிப்பூரை வென்று கோப்பையைக் கொணர்ந்தது தமிழ்நாட்டு அணி. 2023இல் மீண்டும் வென்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்காக ஆடியவர். காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணியும் பெற்றார். வாசற்படியில் வார் தைக்கும் பிள்ளைகளிடமிருந்தே இத்தகையோர் எழுகின்றனர்.

இந்தச் சுமை நம் கரைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் லிவர்பூலும் நம்மைப் போன்றதொரு துறைமுக நகரம். கப்பல் கூலிகளின் பிள்ளைகள் வளர்த்த கால்பந்து அது. 2016ஆம் ஆண்டில் அவ்வணியின் உரிமையாளர்கள், புதிதாகக் கட்டப்படும் பகுதியில் மிக உயர்ந்த இருக்கைக்கு 77 பவுண்டு எனக் கட்டணம் அறிவித்தனர். பிப்ரவரி 6ஆம் நாள் சண்டர்லாந்து அணியுடன் ஆட்டம். லிவர்பூல் இரு கோல்கள் முன்னணியில் இருந்த வேளையில், சரியாக 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் எழுந்து வெளியேறினர். அதன்பின் எதிரணி இரண்டு கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் வருத்தம் தெரிவித்து, உயர்வைக் கைவிட்டனர். அவர்கள் கல்லெறியவில்லை; "எங்கள் பிள்ளைகளை இனி அழைத்துவர இயலாது" என்பதை எழுந்து நடந்தே உணர்த்தினர். அடுத்த பருவம் முதல் இங்கிலாந்தின் முதல்நிலை லீகில், வெளியூர் ஆட்டத்திற்குச் செல்லும் ரசிகரிடம் 30 பவுண்டுக்குமேல் வாங்கலாகாது என்ற வரம்பும் ஏற்பட்டது.

நம்மவர்க்கோ எழுந்து வெளியேறும் வாய்ப்பும் இல்லை. அவர்கள் உள்ளே நுழையவே இல்லையே! வாராதவனுடைய முறையீடு எவர் செவிக்கும் எட்டுவதில்லை.

இனி அக்குடும்பத்தின் கதைக்கு வருவோம். ஆட்டோப் பணத்தை நான் தருவதாகச் சொன்னேன். தந்தை தலையசைத்து மறுத்துவிட்டார். "இந்த வாட்டி நீங்க குடுப்பீங்க ஃபாதர். அடுத்த வாட்டி அவ கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். அவர் மறுப்பில் இருந்த தன்மானத்தை நான் மதித்தேன். அன்று ஆட்டத்திற்கு அவர்களில் எவருமே செல்லவில்லை. மகன்களை மட்டும் அழைத்துச் செல்ல அவருக்கும் மனம் வரவில்லை போலும்.

வழி காட்டியவர் தாய்தான். அடுத்த மாதம் மற்றோர் ஆட்டம் அறிவிக்கப்பட்டபோது, தம்மோடு மீன் விற்கும் மூன்று பெண்களிடம் பேசினார். நான்கு குடும்பங்கள், பதினெட்டுப் பேர். தந்தை உடன் வேலை செய்பவரிடம் பேசி இரவு வேலையை மாற்றிக்கொண்டார். 800 ரூபாய் இழப்பு தீர்ந்தது. மாலை ஐந்து மணிக்கு அனைவரும் ரயிலேறினர். நானும் உடன் சென்றேன். கத்திவாக்கம் கடந்து, தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கி நிற்கும் விம்கோ நகர் கடந்து, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை எனச் சென்ற வண்டி கொருக்குப்பேட்டையில் இராயபுரத்துப் பாதையை விட்டுப் பிரிந்தது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் அந்த இராயபுரம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் காதில் அது விழவில்லை. அணித் தலைவர் எவர் என்பதிலேயே வழக்காடிக்கொண்டிருந்தனர்.

சென்ட்ரலில் இறங்கி, வாழையிலையில் கட்டிவந்த புளிச்சோற்றை அரங்கின் வெளியே உண்டு முடித்தோம். வயிறு நிறைந்ததால் உள்ளே தண்ணீர் மட்டுமே செலவாயிற்று. திரும்பும்போது மெட்ரோ ரயில். 2021 பிப்ரவரியில் அது விம்கோ நகர்வரை நீட்டிக்கப்பட்டது நம் பகுதிக்குக் கிடைத்த பெரும் உதவி. சென்ட்ரலிலிருந்து ஒருவருக்கு 30 முதல் 40 ரூபாய். இரவு பதினொரு மணிவரை வண்டி உண்டு. விளக்கும் காவலும் உண்டு. விம்கோ நகரிலிருந்து எண்ணூருக்குப் பதினெட்டுப் பேராகச் சேர்ந்து ஆட்டோக்களைப் பகிர்ந்துகொண்டதில் ஆளுக்கு இருபது ரூபாயே ஆயிற்று. ஐவர் குடும்பத்திற்கு நுழைவுச்சீட்டு நீங்கலாக நானூறு ரூபாய்க்குள் முடிந்தது.

அதுவும் எளிய தொகையன்று. மாதந்தோறும் இயலாது. ஆயினும் ஆண்டிற்கு ஒரு முறை இயலும் என்றாயிற்று. எவரையும் வீட்டில் விட்டுச் செல்லாமல் இயலும் என்றாயிற்று.

ஆட்டம் முழுதும் நான் அச்சிறுமியையே கவனித்தேன். எல்லாரும் பந்தோடு தலையைத் திருப்ப, அவள் கண் இடப்புறக் காப்பாளர்மீதே இருந்தது. இடையிடையே அவள் பாதம் இருக்கையின்கீழ் அரையடி நகர்ந்தது. மெட்ரோவில் தம்பி அவள் மடியில் உறங்கிப்போனான். அவளோ தந்தையிடம், "அப்பா, அவரு ஆளு வர்றதுக்கு முன்னாடியே பின்னால போயிடுறாரு. நான் ஆள் வந்தப்புறம் ஓடுறேன். அதான் தோக்குறேன்" என்றாள். தந்தை பதில் பேசவில்லை. உறங்கும் மகனை அவள் மடியிலிருந்து தம் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அன்பர்களே! குடும்பமாக ஓரிடத்திற்குச் செல்வது என்று நாம் திட்டமிடும்போது, பணம் போதாதெனில் முதலில் யாருடைய பெயரை அடிக்கிறோம் என்பதை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பல இல்லங்களில் அது தாயின் பெயர். அடுத்தது மகளின் பெயர். அவர்கள் கேட்பதில்லை, ஆதலால் அவர்களுக்கு ஆசை இல்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். அடுத்த முறை நோட்டுத் தாளில் திரும்பி வரும் வழிக்கான செலவை முதலில் எழுதுங்கள். அயல்வீட்டாரையும் அழைத்து அதைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அதன்பின் நுழைவுச்சீட்டை எண்ணுங்கள். ஐந்துக்கு ஐந்தும் நிறையக்கூடும்.