மாட்டுங்கா மாடியில் ஸ்பானிஷ்

மாட்டுங்கா வீடுகளில் சனிக்கிழமை மாலை ஏதாவதொரு வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கும். 1896இல் பிளேக் பம்பாயைக் காவு வாங்கிய பிறகு, 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா நிலங்களை மனை போட்டுப் பிரித்தது. அங்கே எழுந்த கட்டடங்களுக்குத் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த குமாஸ்தாக் குடும்பங்கள் வாடகைக்கு வந்தன. டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் தெரிந்தவருக்குக் கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் வேலை காத்திருந்தது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் இங்கேதான் தொடங்கியது. பாட்டு, வீணை, சமஸ்கிருதம், கணக்கு டியூஷன் என்று கூடத்தில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் பல தலைமுறையாக உண்டு. அந்த வரிசையில் இப்போது ஸ்பானிஷும் சேர்ந்திருக்கிறது.

காய்கறிச் சந்தையான பாஜி கல்லியிலிருந்து கொஞ்சம் தள்ளி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. வாசலில் செருப்புகள், உள்ளே ஏழெட்டுப் பேர். சுவரில் சாய்த்த வெள்ளைப் பலகை. ஆசிரியை மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். மருந்து ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குப் போகும் பதிவு ஆவணங்களைப் பல வருடம் பார்த்தவர். அந்த வேலைக்காகக் கற்ற மொழியை இப்போது கற்பிக்கிறார். மொழி கற்பிப்பதை ஒரு கைத்தொழிலாகச் செய்பவரைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. சில சனிக்கிழமைகள் அந்தக் கூடத்தின் மூலையில் உட்கார அனுமதி தந்தார்.

புதிதாக வருகிறவர்களை அவர் முதலில் அந்த அறையையே பார்க்கச் சொல்கிறார். மேசை, ஸ்பானிஷில் மேசா. அலமாரி, அர்மாரியோ. பாதிரி, பாத்ரே. இந்தச் சொற்கள் தமிழுக்கு வந்தது போர்த்துகீசியர் வழியாக. ஸ்பானிஷ் அதன் உடன்பிறந்த மொழி. வகுப்பிலிருந்து நடக்கிற தூரத்திலுள்ள மாஹிமும் சயானும் 1534 முதல் போர்த்துகீசியர் வசம் இருந்தவை. 1661 திருமண ஒப்பந்தத்தில் பம்பாய் சீதனமாக ஆங்கிலேய அரசருக்குப் போனது. இடையில் 1580 முதல் 1640 வரை போர்த்துகலும் ஸ்பெயினும் ஒரே மன்னரின் கீழ் இருந்ததால், இந்தத் தீவுகளும் பெயரளவில் ஸ்பெயின் மன்னருடையவையே. இந்தச் சரித்திரத்தைச் சொல்லி முடிக்கும்போது கற்க வந்தவர்களுக்குப் பாதி பயம் போய்விடுகிறது. உடனே அடுத்த சொல்லில் எச்சரிக்கையும் வருகிறது. ஜன்னல் போர்த்துகீசியச் சொல்தான், ஆனால் ஸ்பானிஷில் அது வெந்தானா. சாவி அங்கே யாவே. “சொந்தம்னு நெனச்சு ரொம்ப நம்பிடாதேங்கோ,” என்கிறார்.

அவருடைய தொழில் நுட்பம் எங்கே இருக்கிறது என்பது எனக்கு இலக்கணப் பாடத்தில்தான் விளங்கியது. மும்பையில் ஸ்பானிஷ் கற்பிக்கும் பெரும்பாலான இடங்களில் ஆங்கிலமே ஏணி. பாட நூல்களும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘நான் காப்பியை விரும்புகிறேன்’ என்ற அமைப்பில் யோசித்துப் பழகியவர் ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பதைப் பார்த்தால் திகைப்பார். விரும்பும் ‘நான்’ எங்கே? இவர் பலகையில் எழுதுவது ஒரே வரி: எனக்குக் காப்பி பிடிக்கும். எழுவாய் காப்பி, பிடிப்பது எனக்கு. ஸ்பானிஷ் வாக்கியம் அச்சாக இதுதான். ‘மே துவேலே லா கபேசா’ என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கில வழி வகுப்பில் இதற்கென்றே ஒரு பாடம் ஒதுக்கித் தனி விதி சொல்வார்கள். இங்கே அது சில நிமிடங்களில் முடிந்தது. ஒரு வேறுபாட்டை மட்டும் அழுத்திச் சொன்னார்: புத்தகங்கள் பிடிக்கும் என்றால் அங்கே வினையும் பன்மையாகி ‘குஸ்தான்’ ஆகும், நம் ‘பிடிக்கும்’ மாறாது.

‘செர்’, ‘எஸ்தார்’ என்ற இரண்டு வினைகள் உலகெங்கும் ஸ்பானிஷ் கற்பவர்களை அலைக்கழிப்பவை. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான். இவர் கேட்டார்: “நான் டீச்சர்னு சொல்றப்போ அதுல வினை இருக்கா?” இல்லை. “நான் வீட்ல இருக்கேன்?” இருக்கிறது. தமிழில் வினையே தேவைப்படாத இடம் பெரும்பாலும் ‘செர்’, ‘இரு’ வருகிற இடம் ‘எஸ்தார்’. ‘சோய் ப்ரொஃபெசோரா’, ‘எஸ்தோய் என் காசா’. திருநெல்வேலிக்காரன் என்று சொல்லவும் நமக்கு வினை வேண்டாம், அங்கே ‘சோய்’ போதும். இந்த விதி எல்லா இடத்திலும் நிற்காது. ஒருத்தி அழகாக இருக்கிறாள் என்பதற்கு, அவள் இயல்பே அது என்றால் ‘செர்’, இன்று உடுத்தியிருப்பதில் அழகாகத் தெரிகிறாள் என்றால் ‘எஸ்தார்’. அதைப் பிறகு தனியாகத் திருத்திக்கொடுக்கிறார். ஆனாலும் கைப்பிடிச் சுவராக முதலில் தமிழைக் கொடுத்துவிடுகிறார். இந்த நகரத்தில் மூன்று மொழி பேசி வளர்ந்த பிள்ளைகளிடம் தாய்மொழியை வாசலில் செருப்போடு விட்டுவரச் சொல்வது எவ்வளவு பெரிய விரயம் என்று அன்று எனக்குப் பட்டது.

ஒலிகளிலும் இதே வழிதான். ஸ்பானிஷின் தகரம் பல்லில் நா படும் நம் த. மும்பை உணவகங்களில் ‘டாக்கோ’ என்று விற்பது உண்மையில் ‘தாக்கோ’. உயிர்களுக்கு நடுவே அவர்களுடைய d, g ஒலிகள் மெலிகின்றன. ‘அது’ என்று சொல்லும்போது த மெலிவதைப் போலவே ‘லாதோ’ என்பதிலும் மெலியும், ‘பகல்’ என்பதில் க தளர்வதைப் போலவே ‘லாகோ’ என்பதிலும் தளரும். இதை யாரும் சொல்லித்தராமலே தமிழ் வாய் செய்கிறது. சிக்கல் சொல்லின் தொடக்கத்தில். எடையும் முத்தமும் அவர்களுக்கு வேறு வேறு முதலெழுத்து, தமிழில் எழுதினால் இரண்டும் ‘பேசோ’. மாணவர்கள் அந்த இடத்தில் மட்டும் தேவநாகரி எழுத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு நோட்டில் தமிழ் வரிக்கு நடுவே மராத்திப் பள்ளியில் கற்ற ஓரெழுத்து நிற்பதைப் பார்த்தேன். பம்பாய்த் தமிழரின் படிப்பு முழுவதும் அந்த வரியில் இருந்தது.

வகுப்பில் மூத்தவர் செம்பூரிலிருந்து வரும் பாலக்காட்டு அம்மாள். ஹார்பர் லைனில் வந்து, வடாலாவில் மாறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, படியேறி வருகிறார். மகன் மெக்ஸிகோவின் குவாதலஹாராவில் வேலை பார்த்து அங்கேயே திருமணம் செய்துகொண்டவர். மருமகள் ஆங்கிலம் பேசுகிறாள், அவளுடைய அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும். “சம்பந்தியோட நானே நேரா பேசணும். நடுவுல ஆள் வெச்சுண்டு எத்தனை நாள் சிரிச்சுண்டே இருக்கறது?” என்றார். அவருக்கு முதல் மகிழ்ச்சி, ஸ்பானிஷில் சம்பந்திக்கு ‘கொன்சுவேக்ரா’ என்று தனிச் சொல் இருப்பது. சகலைக்கும் ‘கொன்குஞாதோ’ என்று ஒரு சொல் உண்டு. பாலக்காட்டு நாக்கில் ‘ற’ இன்னும் உதறலோடு ஒலிப்பதால், ‘ஆனால்’ என்ற பொருளுடைய ‘பெரோ’வையும் நாயைக் குறிக்கும் ‘பெர்ரோ’வையும் வகுப்பிலேயே தெளிவாகப் பிரித்துச் சொல்பவர் அவர்தான். இளைஞர்கள் அவரைத்தான் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள்.

இந்த நகரத்தில் தமிழர்கள் வேறு மொழி கற்றது பெரும்பாலும் பிழைப்புக்காக. 1966க்குப் பின் சிவசேனை தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய வருடங்களில் மராத்தி பேசத் தெரிவது பாதுகாப்பும்கூட. அந்த அம்மாள் எழுபதை நெருங்கும் வயதில் பேச ஆசைப்பட்டு ஒரு மொழிக்குள் போகிறார். எனக்கு அது பெரிய விஷயம்.

வகுப்பில் இன்னொருவர் தாராவிக்காரர். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர். மாட்டுங்கா லேபர் கேம்ப் வழியாக, ரயில்வே லைனைத் தாண்டி நடந்தே வகுப்புக்கு வருகிறார். ஒருநாள் தன் பட்டறைக்குக் கூட்டிப்போனார். 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ஏணி வைத்து ஏறும் பரணில் நாலு தையல் மிஷின். கீழே ஓரம் சீவும் ஸ்கைவிங் மிஷின். சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறுகிறது. பாந்த்ராவிலிருந்த இறைச்சிக்கூடம் 1971இல் தேவனாருக்குப் போனது. பதனிடும் தொழிலும் தாராவியில் மெல்ல மெல்லச் சுருங்கியது. கைப்பை, பர்ஸ், பெல்ட் செய்யும் பட்டறைகள் மட்டும் நிலைத்தன. 2015இல் மகாராஷ்டிராவில் காளை, எருது வெட்டத் தடை வந்தபின் தோல் கிடைப்பதும் கடினமானது, எருமைத் தோலும் ரெக்ஸினும் கூடின. மறுசீரமைப்புத் திட்டத்தில் இந்தப் பரண் எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியாது.

ஸ்பெயினின் தெற்கே, காதிஸ் மாகாணத்தில் ஊப்ரிக்கே என்று ஓர் ஊர். பெரிய பெரிய நிறுவனங்களுக்குக் கைப்பை செய்துகொடுக்கும் தோல் தொழிலாளர் ஊர். அவ்வூர்க் கைவினைஞர்கள் வேலை செய்யும் வீடியோக்களை இவர் மொபைலில் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பார்க்கிறார். அங்கே ‘பாத்தகாப்ரா’ என்றொரு மரக்கருவி. ஆட்டுக்கால் என்று பெயர். அதைக்கொண்டு தோலின் மடிப்பை அழுத்தி ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். ஊப்ரிக்கே தொழிலின் அடையாளமே அதுதான். இவர் தானே ஒரு மரத்துண்டைச் சீவி அதைப் போலச் செய்து வைத்திருந்தார். “கை பண்றது தெரியுது. ஆனா ஏன் அப்படிப் பண்றாங்கன்னு வாய் சொல்றது புரியணும்ல? அதுக்குத்தான் டீச்சர்கிட்ட வந்தேன்,” என்றார். ‘அகூஹா’ ஊசி, ‘இலோ’ நூல், ‘கோசேர்’ தைத்தல். கற்ற சொல்லைத் தொழிலின் மேல் வைத்துப் பார்க்கிற இவரைப் போன்ற மாணவர் எந்த ஆசிரியருக்கும் வரம். சான்றிதழுக்காகவே படிப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பரணில் ஒரு மொழி உயிரோடு வேலை செய்வதைப் பார்த்தபோது, தேர்வுத்தாளில் அதன் கால்பங்குகூட எட்டாது என்று தோன்றியது.

இதில் ஆசிரியைக்கு ஒரு கடினமான முடிவு இருக்கிறது. எந்த ஸ்பானிஷைக் கற்பிப்பது? மத்திய ஸ்பெயினில் சில எழுத்துகளைப் பல்லிடுக்கில் நாவை வைத்து உச்சரிப்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் வெறும் ‘ஸ’. ஊப்ரிக்கே இருக்கும் அந்தலூசியாவில் சொல்லின் கடைசி ‘ஸ்’ காற்றில் கரைந்து ‘லோஸ்’ என்பது ‘லோ’ ஆகிவிடும். பேசுவதற்கு எல்லோருக்கும் ‘ஸ’ என்று வைத்துக்கொண்டார். கேட்பதற்கு மெக்ஸிகோ, அந்தலூசியா இரண்டின் பேச்சையும் வாரம் மாற்றிப் போடுகிறார். பாட நூலின் கடைவீதிப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, மாணவர்களைப் பாஜி கல்லிக் காய்க்காரர்களாகவும் பூக்காரர்களாகவும் நிற்கவைத்து ‘குவாந்தோ குவேஸ்தா?’ என்று பேரம் பேசவைக்கிறார்.

பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று மும்பையில் பழைய நிறுவனங்கள் உண்டு. 1991இல் ஸ்பெயின் அரசு தொடங்கிய செர்வாந்தேஸ் நிறுவனம் 2009இல் டெல்லியில்தான் மையம் திறந்தது. மும்பையில் ஸ்பானிஷைத் தாங்குபவர்கள் பெரும்பாலும் இவரைப் போன்ற தனி ஆசிரியர்கள். மணிக்கணக்கில் கூலி, மாணவர் வராத வாரம் வருமானமும் வராது. ஏ1 முதல் சி2 வரை படிப்படியாக உள்ள தெலே தேர்வுக்கு ஆட்கள் சேரும் மாதங்களில் கூடம் நிறையும். தெலே சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, சியெலே என்ற இன்னொரு தேர்வுக்கு ஐந்து வருடம்தான். வேலை தேடுவோர் எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்து வழிகாட்டுவதும் அவர் பொறுப்பு. டிசிஎஸ் 2002இலேயே உருகுவேயின் மொந்தேவிதேயோவில் மையம் தொடங்கிய கதையை இளைஞர்களுக்குச் சொல்லி உற்சாகப்படுத்துகிறார்.

எனக்கு இந்த வகுப்பிடம் வேறோர் ஆசையும் உண்டு. கவிஞர் நெரூதா 1929–30இல் கொழும்பில் தூதரக அதிகாரியாக வாழ்ந்தவர். இன்னொரு கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1951இல் முதன்முதலாக இந்தியாவில் கால் வைத்தது பம்பாய்த் துறைமுகத்தில். பிறகு 1962 முதல் 1968 வரை இங்கே மெக்ஸிகோவின் தூதர். இவர்களையும் நாவலாசிரியர் மார்க்கேஸையும் தமிழில் ஆர்வத்தோடு படித்திருக்கிறோம், ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தின் வழியே வந்தது. ‘எனக்குப் பிடிக்கும்’ என்று தமிழ் அப்படியே ஏந்திக்கொள்ளக்கூடிய வாக்கியம் ஆங்கிலத்தில் ஒருமுறை குப்புற விழுந்து எழுந்து நம்மிடம் வருகிறது. நேராக மொழிபெயர்ப்பவர்கள் நமக்கு வேண்டும். அவர்கள் இப்படிப்பட்ட கூடங்களிலிருந்துதான் வர முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழ் வழி ஸ்பானிஷ் கற்பதற்கென்று ஆசிரியை ஒரு நோட்டில் தானே பாடங்கள் எழுதிவருகிறார். நான் கடைசியாகப் போன அன்று செம்பூர் அம்மாள் ஒரு சந்தேகத்தோடு வந்திருந்தார். சம்பந்தி போனை வைக்கும்போதெல்லாம் ‘கே லே வாயா பியென்’ என்கிறாரே, அதில் ‘வாயா’ எந்தக் காலம்? “காலமே இல்லை, நல்லபடியா போகட்டும்னு சொல்றா,” என்றார் ஆசிரியை. ‘கே வேங்கா’ வரட்டும். ஸ்பானிஷின் மிகக் கடினமான வினைவடிவத்துக்கு இப்படி ‘அட்டும்’ வழியாக உள்ளே போய்விட்டார்கள். அப்போது தாராவி இளைஞர் கேட்டார்: “டீச்சர், நீ வருவேன்னு நம்புறேன்னு சொன்னா? அதுல ‘அட்டும்’ இல்லையே.” ஸ்பானிஷில் அங்கேயும் அதே வடிவம்தான், ‘எஸ்பேரோ கே வேங்காஸ்’. தமிழில் சாதாரண எதிர்காலம். ஆசிரியை நோட்டைத் திறந்து அந்தக் கேள்வியை அவர் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டார். “இங்கே தமிழ் கைகொடுக்காது. ஆசை, சந்தேகம், பயம், மூணுக்கும் வீட்ல பேசற மாதிரியே தமிழ்ல பத்துப் பத்து வாக்கியம் எழுதிண்டு வாங்கோ. எது எங்கே ஒத்துப்போறது, எங்கே போகலைன்னு அடுத்த வாரம் சேர்ந்து பிரிப்போம்,” என்றார். படியில் அடுத்த வகுப்புக்குப் பாட்டுப் பிள்ளைகள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். செம்பூர் அம்மாள் பயத்துக்கான முதல் வாக்கியத்தை அங்கேயே எழுதத் தொடங்கியிருந்தார்.