அமிர்தி இறக்கமும் டிராக்டர் டிரெய்லரும்

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. சுற்றுலா வருபவர்களுக்கு இங்கே அருவி, சிறிய உயிரியல் பூங்கா. விவசாயிகளுக்கோ, சாமையும் புளியும் விளையும் மலைக்குப் போகும் வழி.

ஏற்றத்தில் பின்னால் வந்த டிரெய்லர், இறக்கத்தில் டிராக்டரையே தள்ளும். அதனால் கிளம்பும் முன் கொக்கிப் பின்னுக்குப் பூட்டு ஊசி போடுங்கள்; பாதுகாப்புச் சங்கிலியையும் மாட்டுங்கள். மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்ப்பதுபோல, இரு சக்கர டிரெய்லரிலும் பாருங்கள். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பின்பாரமானால் டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். இரண்டு பிரேக் மிதிகளையும் இணைத்துவிடுங்கள். ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாறுங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடாதீர்கள். மூட்டைமேல் ஆள் ஏற்றவே வேண்டாம்.