தொற்றாத நோய்

சோரியாசிஸ் தொற்றாது. இந்த வாக்கியத்தை 11 ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்காள்மடத்தில் மகளிர் குழுக் கூட்டம் முடிந்து கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினால், என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு வேறு பேனா தேடுபவர்கள் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி தடம்மாறித் தோலைத் தூண்டிவிடுகிறது. ஒரு மாதத்தில் நடக்கவேண்டிய தோல் வளர்ச்சி சில நாள்களில் நடந்து செதிலாகக் குவிகிறது. அவ்வளவுதான். 2014-இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோய்க்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

ஆனால் 'தொற்றாது' என்று விளக்கிக்கொண்டிருப்பதே எனக்கு இப்போது கசக்கிறது. சேரிப் பெண் கொடுத்த தண்ணீரை மறுத்தவர் எந்த மருத்துவரைக் கேட்டு மறுத்தார்? இரட்டைக் குவளையில் எந்தக் கிருமி இருந்தது? அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது யாருடைய மருத்துவச் சான்றிதழையும் கேட்கவில்லை. என் கையை ஒருவர் விலக்கும்போது செதிலைப் பார்த்தாரா, சாதியைப் பார்த்தாரா என்று எனக்கே தெரிவதில்லை. ஒன்றுக்காவது களிம்பு இருக்கிறது.

களிம்பு என்றதும் ஒன்று. மருந்துக்கடையில் 'அரிப்புக்கு ஒரு டியூப்' கேட்டு வாங்காதீர்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் அடக்கும், மனம்போல் பூசிவிட்டு நிறுத்தினால் முன்னிலும் மோசமாகத் திரும்பும். தோல் மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாள் மட்டும். மற்றபடி குளித்த ஈரம் காயுமுன் வாசலினோ தேங்காயெண்ணெயோ. தடித்த குதிகாலுக்கு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சாலிசிலிக் அமிலக் களிம்பு. இரவில் பருத்திக் காலுறை. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தெடுக்கும் சித்த மருந்தும் உண்டு. எனக்குச் செதில் குறைந்தது, வெடிப்புக்குப் பெரிதாகக் கேட்கவில்லை.

பாசி எடுக்கப் போகும் ஓர் அக்காவுக்கும் கை வெடிப்பு. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிப்பவர். "தண்ணியில கை வைக்காதங்கிறியே, அப்ப சோத்துக்கு எங்கம்மா போறது?" என்றார். கீறல் விழுந்த இடத்திலேயே புதிதாகக் கிளம்பும் நோய் இது. அவருக்குப் பாறை, பிளீச்சிங் பவுடரை வெறுங்கையால் தூவும் எங்கள் தெருத் தூய்மைப் பணியாளர்களுக்கு வேலையே கீறல்தான். நோய் சோரியாசிஸோ, வெறும் ஒவ்வாமையோ, கைதான் போகிறது.

கையுறை கேட்டு மனு எழுதினோம். ரப்பர் கையுறைக்குள் வியர்த்தால் தோல் ஊறி இன்னும் கெடும், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை வேண்டும். அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்: ஆளுக்கு இரண்டு ஜோடி, மாற்றிக்கொள்ள.