ஏழு கிணறு, ஒரு வாளி

எங்கட ஊரில் "கன்னியாவுக்குப் போறம்" எண்டு சொன்னால் இரண்டு அர்த்தம். ஒண்டு, லீவு நாளில் வெந்நீர்க் கிணத்தில் குளிக்கப் போறது. மற்றது, வீட்டில் ஒருவர் இறந்தால் அந்தியேட்டிக் கடமை செய்யப் போறது. போன கம்பஸ் லீவில் நாங்கள் நாலு பேர் போனது குளிக்கத்தான். ஆனால் எங்களில் ஒருத்தி ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறாள், அம்மாவின் கடமைக்கு.

முன்பு மூதூரில் இருந்து திருகோணமலைக்குப் போறதே ஒரு பயணம். லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேணும். தரைவழி எண்டால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று நாலு பாதை ஏற வேணும். 2009இல் கிண்ணியாப் பாலமும் 2011இல் மற்றப் பாலங்களும் வந்தன. இப்ப பஸ்ஸில் நித்திரை கொண்டபடியே போகலாம். நகரில் இருந்து அநுராதபுரம் வீதியால் இன்னும் சுமார் 8 கிலோமீற்றர்.

"ஸ்பா" என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். இருப்பது சின்னச் சின்னச் சதுரக் கிணறுகள் ஏழு. உள்ளே இறங்க ஏலாது, அள்ளி ஊத்த வேணும். நாங்கள் வீட்டில் இருந்து ஒரு வாளிதான் கொண்டுபோனோம். பக்கத்துப் பக்கத்துக் கிணறு, ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு சூடு. எது கூடச் சூடு எண்டு சண்டை பிடிக்கிறதுதான் பாதிச் சந்தோசம். எங்களில் ஒருவனின் உம்மம்மாவுக்கு இந்தத் தண்ணி முழங்கால் நோவுக்கு மருந்து.

இங்கே எரிமலை எதுவும் இல்லை. மழைத்தண்ணி பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, மேலே வருகிறது. மகாஓயாவிலும் இப்படித்தான். ஊர்க்கதை வேறு: தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தினானாம்.

இந்த மண் யாருக்கு என்ற சண்டையும் இங்கே உண்டு. பழைய பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை கட்டக்கூடாது என்று தமிழர்கள் 2019 ஜூலையில் போராடினார்கள். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. தொல்லியல் திணைக்களத்துக்கு அது பௌத்த எச்சங்கள் உள்ள நிலம். எங்கள் சிநேகிதிக்கு அது அம்மாவுக்குக் கடைசியாகத் தண்ணி ஊத்தின இடம். அதை எந்தப் பலகையிலும் எழுத மாட்டார்கள்.

ஏழாவது கிணத்தில் அவள் கனநேரம் நிண்டாள். நாங்கள் ஒண்டும் கேட்கேல்ல. வாளி இல்லாமல் ஒரு சிங்களக் குடும்பம் பக்கத்தில் காத்து நிண்டது. அவள் ஒரு வாளி அள்ளிக் காலில் ஊத்திவிட்டு, வாளியை அந்த அம்மாவிடம் நீட்டினாள்.