எலி கடித்த பத்திரமும் எங்கள் ராகியும்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பார்கள். சென்ற ஆடியில் எங்கள் வீட்டில் விதையைத் தேடவில்லை, பத்திரத்தைத் தேடினோம்.

ஓசூருக்கு அருகே, கர்நாடக எல்லையை ஒட்டியது எங்கள் ஊர். ராகி விளைந்த மானாவாரி நிலங்களில் தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. எஞ்சியிருந்த எங்கள் நிலத்தையும் விற்றுவிட எண்ணி அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். தாத்தாவும் அவர் தம்பியும் எழுதிக்கொண்ட பாகப் பத்திரங்கள் இரண்டையும் எலி குதறியிருந்தது.

ஒட்டும் வேலை என்னிடம் வந்தது. "வடக்கே வண்டிப்பாதை" என்ற துண்டு கிடைத்தது. அந்த வாசகமோ இரண்டு பத்திரத்திலும் உண்டு, எதில் ஒட்டுவது? நீளமாகக் கிழிந்த துண்டுகளே கைகொடுத்தன. அவற்றில் பெயரும் எல்லையும் சேர்ந்தே இருந்தன.

அதே வாரம் எங்கள் தாவரவியல் பேராசிரியர் ராகியின் மரபணுத் தொகுதியைப் பற்றிப் பாடம் நடத்தினார். எனக்கு வியப்புத் தாங்கவில்லை. ராகியும் இரண்டு பத்திரம்தான்! இரண்டு புல்லினங்கள் கலந்து பிறந்த பயிர் அது. 36 குரோமோசோம்களில் பாதி ஒரு முன்னோருடையவை, பாதி மற்றவருடையவை. நூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள். ஒன்றைப்போல் ஒன்று, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள்.

2017இல் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக அறிஞர்கள் எம்.எல்.-365 என்னும் ராகி வகையைச் சிறு துண்டுகளாகப் படித்து வெளியிட்டார்கள். சில நூறு எழுத்துகளே கொண்ட துண்டு, தான் எந்த முன்னோருக்கு உரியது என்று சொல்லத் திணறும். 2018இல் அப்பல்கலைக்கழகத்தாரும் சூரிச் பல்கலைக்கழகத்தாரும் பி.ஆர்.-202 வகைக்கு, ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் நீள வாசிப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். நீள வாசிப்பில் அன்று பிழை மிகுதி. சிறு துண்டுகள் அதைத் திருத்தின. துண்டுகளின் ஓரங்கள் எங்கே ஒத்துப்போகின்றன என்று கண்டு கோத்தது கணிப்பொறி. 2023இல் வேறொரு வகையின் தொகுதி குரோமோசோம் அளவுக்கே முழுமையாகக் கோக்கப்பட்டது.

இதை ஆயாவிடம் சொன்னேன். "எந்த ராகிடா அது? நம்ம ராகியா?" என்றாள். விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஒரு வகையைப் படித்தால் எல்லா வகையையும் படித்ததாகாது. மழை பொய்த்த ஆண்டிலும் களிக்குக் குறைவைக்காத அவள் விதைக்குப் பெயர்கூடக் கிடையாது.

பத்திரம் ஒட்டி முடிந்தது, நிலமும் கைமாறியது. ஆயாவின் பானையில் இரண்டு படி விதை மட்டும் இருக்கிறது. கிழிந்ததைக் கணிப்பொறி கோத்துவிடும்; தொலைந்ததை எதைக்கொண்டு கோப்பது?

வரும் ஆடியில் வீட்டுக் கொல்லையில் அதை விதைக்கப்போகிறேன். ஒரு பிடியைப் பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கும் கொண்டுபோவேன். நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பானை இருக்கக்கூடும். ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

– இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, தாவரவியல்